எட்டுப் பேருக்கும் சொல்லியாயிற்றா?

கமரா எப்படி வேலை செய்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். பதினெட்டு வருடம் அதற்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கப்பலிலும் குசினியிலும் வேன் ஓட்டும்போதும்தான். உங்களில் பலர் திரைப்படத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். வெளிச்சத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தெருவில் நூறு பேரை நிறுத்திவைத்து ஒரு காட்சியை எடுக்கும்போது, அதில் யாருக்கு என்ன சொல்லப்பட்டது, யாருக்குச் சொல்லப்படவில்லை என்று பார்ப்பது என் வேலையாக இருந்தது. அந்த வேலையை நான் ஒரு பிழை விட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சொல்ல வெட்கமான பிழை. இருந்தாலும் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் பத்து வருடங்களில் நடந்தது. அப்போது நான் லண்டன் மனோர் பார்க்கில் ஒரு வீட்டில் வேறு ஐந்து பேரோடு இருந்தேன். மூன்று கட்டில், ஆறு பேர். ஷிப்ட் முறையில் படுப்போம். அதற்கு முன் சிசிலித் தீவில், பலேர்மோவில் மூன்று வருடம் ஓர் உணவகக் குசினியில் கோப்பை கழுவினேன். அதற்கு முன் ஒரு கிரேக்கக் கப்பல். ஓரிடத்தில் இருக்க எனக்கு வராது. லண்டனில் மினிபஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. ஒரு படக் கம்பனி அந்த மினிபஸ்ஸை ஆறு கிழமைக்கு வாடகைக்கு எடுத்தபோது, என்னையும் சேர்த்துத்தான் எடுத்தார்கள்.

படம், அமெரிக்காவில் ஒரே தெருவில் பிறந்து வளர்ந்த நான்கு இத்தாலிய இளைஞர்களைப் பற்றியது. களவில் தொடங்கி, கடைசியில் தங்களில் ஒருவனையே சுட்டுக் கொல்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போய் எடுக்க வசதியில்லை. அதனால் கிழக்கு லண்டனில் இடிக்கப்படவிருந்த ஒரு செங்கல் தெருவை அமெரிக்கா ஆக்கினார்கள். சுவர்களில் மரத்தால் செய்து கறுப்பு மை பூசிய, தீப்பிடித்தால் தப்பி இறங்கும் படிக்கட்டுகளைத் தொங்கவிட்டார்கள். வீதியோரத்து மஞ்சள் கோடுகளின் மேல் ரப்பர் விரிப்புப் போட்டார்கள். கார்கள் எல்லாம் வலப்பக்கம் ஓடும். நான் மட்டும் என் மினிபஸ்ஸை இடப்பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்து அடிக்கடி ஏச்சு வாங்கினேன்.

நடிகர்களில் இரண்டு பேர் எசெக்ஸில் பிறந்த ஆங்கிலேயப் பையன்கள். ஒரு நாள் காலையில் அவர்களில் ஒருவன் என் வண்டியின் பின் ஆசனத்தில் இருந்து சிசிலிப் பாஷையில் ஒரு கெட்ட வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினான். அவன் சொன்ன விதத்தில் அது சாப்பாட்டுச் சாமானின் பெயர் போலக் கேட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் திருத்திச் சொன்னேன். பலேர்மோ குசினியில் மூன்று வருடம் என்னைப் பார்த்துச் சொல்லப்பட்ட வார்த்தை அது, எனக்கு மறக்குமா? அதைக் கேள்விப்பட்டு அடுத்த நாள் கிளேர் என்னைக் கூப்பிட்டார். கிளேர் முதல் உதவி இயக்குநர். படப்பிடிப்புத் தளத்தை நடத்துகிறவர். என் கையில் ஒரு வோக்கி-டோக்கியைத் தந்து, மஞ்சள் சட்டை ஒன்றைப் போடச் சொல்லி, கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தந்தார். சாரதியாக வந்தவன் பத்தாம் நாள் உதவியாளன் ஆனேன். இப்படியே செய்தால் அடுத்த படத்திலும் உனக்கு இடம் இருக்கிறது என்றார் இயக்குநர். அதுவரை என் வாழ்க்கையில் யாரும் 'அடுத்தது' என்று ஒன்றை எனக்குச் சொன்னதில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கொலை நடக்கும் காட்சி ஒரு புனிதரின் திருநாள் பவனியில் வருகிறது. எட்டுப் பேர் புனிதரின் சிலையை, சொரூபத்தை, தண்டுகளோடு தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் வருவார்கள். அந்தச் சனத்துக்குள் நின்று நண்பர்கள் நண்பனைச் சுடுவார்கள். தூக்குவதற்குத் துணை நடிகர் ஏஜன்சியில் இருந்து வந்த எட்டு ஆண்கள், வீடு மாறும்போது சோபா தூக்குவது மாதிரித் தூக்கினார்கள். ஒருவன் ஏறினால் ஒருவன் இறங்கினான். புனிதர் கள்ளுக் குடித்தவர் போல ஆடினார். இயக்குநர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் எறிந்தார்.

"எனக்குத் தூக்கத் தெரிந்த ஆட்களைத் தெரியும்" என்று நான்தான் சொன்னேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

என்னோடு ஒரே அறையில் இருந்த யூட் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன். அவனுடைய கோயில் பங்கில் மன்னார் ஆட்கள் நிறையப் பேர். வருடாவருடம் திருநாளுக்குச் சொரூபம் தூக்குகிறவர்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒருவர் இருந்தார், பர்னாந்து அண்ணை. ஒரு சுப்பர்மார்க்கெட்டின் பேக்கரியில் பாண் போடும் வேலை, ஐம்பது வயது இருக்கும், குறைவாகப் பேசுவார். நான் சைவக்காரன் என்று தெரிந்தும், கேட்டவுடன் ஓம் என்றார். மகள்மார் இரண்டு பேரும் அப்பாவைப் படத்தில் பார்க்க ஆசைப்பட்டார்களாம்.

சனிக்கிழமை காலையில் அண்ணையும் யூட்டும் உட்பட எட்டுப் பேரையும் மினிபஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். உடுப்புப் பகுதியினர் அவர்களுக்குக் கறுப்புக் கோட்டும் பழைய மோஸ்தர்த் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். முகங்கள் தொப்பி நிழலுக்குள் இருக்கட்டும், எனக்கு உடம்புகள்தான் வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

யூட் கண்ணாடிக்கு முன்னால் நின்று தொப்பியைச் சரித்தான். "மச்சான், இப்பிடியே போய்ப் பொம்பிளை கேட்டால் தருவினமோ?"

"தருவினம். தொப்பியைக் கழட்டாமல் இருந்தால்" என்றார் பர்னாந்து அண்ணை.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் சொரூபத்திடம் போய் விரலால் தட்டிப் பார்த்தார். கண்ணாடிநாரில் செய்தது. பாரம் தெரிய வேண்டும் என்பதற்காக அடியில் இரும்பு வைத்திருந்தார்கள்.

"உள்ளுக்கு ஒண்டுமில்லை, வெறும் கோது. கீழுக்கு மட்டும் பாரம். ஆட்டும். முன்னுக்கு நிக்கிறவை சின்னக் காலடி வையுங்கோ."

தூக்குவதற்கு அவ்வளவுதான் ஒத்திகை. எட்டுத் தோள்களும் ஒரே நேரத்தில் எழுந்தன.  மரப் படிக்கட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவன்கூடக் கையை நிறுத்திப் பார்த்தான். இயக்குநர் என் முதுகில் தட்டினார்.

சிக்கல் காட்சியின் முடிவில் வந்தது. ஒத்திகையில் துவக்குச் சூட்டுக்குப் பதிலாக இரண்டு பலகைகளை அடித்துச் சத்தம் எழுப்புவார்கள். சத்தம் கேட்டதும் தூக்கியவர்கள் சொரூபத்தை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். எங்கள் ஆட்கள் பலகைச் சத்தம் கேட்டதும் மெல்ல நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சொரூபத்தை ஓரத்தில் இருந்த மேசையில் பக்குவமாக இறக்கிவைத்துவிட்டு, தபால் கந்தோர் வரிசையை விட்டு விலகுகிறவர்கள் போல நடந்து போனார்கள். மூன்று தரம் இப்படியே.

"தம்பி, நிலத்தில போட ஏலாது" என்றார் பர்னாந்து அண்ணை. "பொம்மைதான், எனக்குத் தெரியும். ஆனால் தோளில ஏத்தினதைக் கீழ போட்டுப் பழக்கமில்லை."

நான்காவது தரம் உண்மையான எடுப்பு. நடிகனின் கையில் குண்டில்லாத தோட்டா போட்ட துவக்கு இருக்கும். ஐந்து வெடி. குண்டு இல்லையே தவிர, சத்தமும் நெருப்பும் உண்மையானவை.

துவக்குகளுக்குப் பொறுப்பாக ஒரு பெண்மணி இருந்தார். தென் லண்டன்காரி, தடித்த குரல், நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருப்பார். அவருடைய முறை ஒன்று இருந்தது. இன்றைக்கும் நல்ல தளங்களில் அது இருக்கிறது. சுடுவதற்கு முன் அவர் தெருவின் நடுவில் நின்று "இந்த எடுப்பில் சூடு உண்டு, ஐந்து வெடி" என்று கத்துவார். தெருவின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு உதவியாளர் நிற்பார். தன் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லிய பிறகு அந்த உதவியாளர் கையைத் தூக்க வேண்டும். எல்லாக் கைகளும் எழுந்த பிறகுதான் அவர் துவக்கைப் பெட்டியில் இருந்து எடுப்பார். ஒரு கை குறைந்தாலும் பெட்டி திறக்காது, இயக்குநர் தலைகீழாக நின்றாலும் சரி. நான் மஞ்சள் சட்டை போட்ட முதல் நாளே என்னைக் கூப்பிட்டு இதைச் சொல்லித் தந்திருந்தார்.

எங்கள் எட்டுப் பேரும் தெரு திரும்பும் தூர மூலையில் நின்றார்கள். அவர் கத்துவது அங்கே தெளிவாகக் கேட்காது. அந்த மூலைக்குக் கை நான்.

ஆயத்தம் நடந்துகொண்டிருந்தபோது இயக்குநர் என்னிடம் வந்தார். வோக்கியை என் கையில் இருந்து மெல்ல வாங்கி நிறுத்தினார். தோளில் கை வைத்தார்.

"உன் ஆட்களுக்குச் சொல்லாதே" என்றார். "திரும்பவும் பலகைதான் என்று நினைக்கட்டும். ஒரே ஒரு தரம். அந்த உடம்புகள் உண்மையில் என்ன செய்யும் என்று எனக்கு வேண்டும். ஒருவருக்கும் ஆபத்து இல்லை. வெறும் சத்தம்." பிறகு வோக்கியைத் திரும்பப் போட்டு என் கையில் தந்தார்.

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒருவர் வருவார். கத்தமாட்டார், மிரட்டமாட்டார். நல்ல மனிதராகவே இருப்பார். உங்களைத் தன் ஆளாக நினைத்து ஓர் இரகசியத்தைத் தருவார். அவர் கேட்பது சின்ன விஷயமாகத் தெரியும்: ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அப்படி ஒருவர் வரும்போது நான் அன்று நினைத்ததைத்தான் நீங்களும் நினைப்பீர்கள் என்று சொல்லமாட்டேன். நான் நினைத்ததை எங்கள் ஊரில் இருந்து வந்த ஒருவன்தான் நினைத்திருப்பான். நாங்கள் கேட்காத வெடியா? சண்டைக் காலத்தில் ஷெல் விழும்போது சோறு தின்ற ஆட்கள் நாங்கள். பயந்தால் வெள்ளைக்காரர் பயப்படட்டும். பர்னாந்து அண்ணை இந்த வெடிக்கா பயப்படப் போகிறார்?

இதைத்தான் என் மனதுக்குச் சொன்னேன். அடுத்த படம் என்ற எண்ணமும் அதற்குப் பின்னால் நின்றது. அதை மறைக்கவில்லை.

தெரு நடுவில் அந்தப் பெண்மணி கத்துவது தூரத்தில் கேட்டது. ஒவ்வொரு கையாக எழுந்தது. படிக்கட்டடியில் ஒன்று, கடைவாசலில் ஒன்று, கமராவுக்குப் பின்னால் கிளேரின் கை. என் கை மட்டும் எழவில்லை. அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். வோக்கியில் அவருடைய குரல் வந்தது.

"மூலை? எட்டுப் பேருக்கும் சொல்லியாயிற்றா?"

நான் எட்டுப் பேரையும் பார்த்தேன். தோளில் சொரூபம். யூட் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பர்னாந்து அண்ணை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைத் தூக்கினேன்.

கமராவில் நான் தெரியக்கூடாது என்பதால், ஓரத்தில் நிறுத்தியிருந்த பழைய அமெரிக்க லொறி ஒன்றின் பின்னால் போய் நின்றேன். பவனி மூலையைத் திரும்பியது. சனங்கள் சிலுவை போட்டார்கள். வாத்தியக்காரர்கள் ஊதினார்கள். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், இன்னும் பத்து அடி, எட்டு அடி. சூடு வரப்போவது எந்த நொடியில் என்றுகூட எனக்குத் தெரியும்.

முதல் வெடி.

மீதி நான்கையும் நான் எங்கே இருந்து கேட்டேன் என்றால், நிலத்தில் இருந்து. லொறியின் பின் சில்லு ரயரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, கைகளால் தலையை மூடிக்கொண்டு கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. தெரிந்தவன் நான். தெருவில் எல்லோரையும் விட நன்றாகத் தெரிந்தவன்.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஏஜன்சிச் சனங்கள் சொல்லிக்கொடுத்தபடி கத்திக்கொண்டு ஓடினார்கள். நடு வீதியில் எங்கள் எட்டுப் பேரும் இருந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் சொரூபத்தைப் போடவில்லை. எட்டுப் பேரும் முழங்காலில். தோளில் தண்டுகள் அப்படியே. சொரூபம் ஆடாமல் நேராக நின்றது, தெருவே அதற்குக் கீழே தாழ்ந்துவிட்டது போல.

"கட்" என்றார் இயக்குநர். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ மெல்லச் சொன்னார், கடவுளைக் கூப்பிட்டது போல.

அவர்கள் எழும்பவில்லை. ஓடியவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டு தங்கள் இடத்துக்குத் திரும்பி வந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். எட்டுப் பேரும் முழங்காலிலேயே இருந்தார்கள். முதல் அடிக்குப் பிறகு இரண்டாவது வரும் என்று காத்திருக்கப் பழகிய ஆட்கள். பர்னாந்து அண்ணை தலையைத் திருப்பாமல் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார்.

"யூட்."

"ஓம்."

"சேவியர்."

"ஓம்."

ஒவ்வொரு பெயராக. ஒரு பெயருக்குப் பதில் வரச் சற்றுப் பிந்தியது. அந்த மனிதன் அழுதுகொண்டிருந்தான்.

நான் ஓடிப் போனேன். "அண்ணை, படம். படம்தான். எழும்புங்கோ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் மஞ்சள் சட்டை முழுக்க எண்ணெய்ச் சேறு.

"உனக்கு முந்தியே தெரியுமே?"

பொய் சொல்ல இடம் இருந்தது. சேறு பூசிய சட்டையே எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும்.

"ஓம் அண்ணை."

அவர் ஏசவில்லை. அவர்கள் சொரூபத்தை மேசைக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். பிறகு அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "எங்கட கோயில் திருநாளிலயும் இப்பிடித்தான் தம்பி. பவனி நடுவில வெடிச்சது. எனக்கு இடப்பக்கம் தூக்கினது என்ர தம்பி. பேர் கூப்பிட்டன். அவன் ஓம் எண்டு சொல்லேல்ல."

யூட் தொப்பியை என் காலடியில் எறிந்தான். "நீ மனிசனே? ஒரே கட்டில்ல படுக்கிறம். காலமை நீ எழும்ப நான் படுக்கிறன். ஒரு சொல்லுச் சொல்ல வாய் வரேல்லையே உனக்கு?"

அதற்குள் கமராப் பக்கத்தில் இருந்து சத்தம் வந்தது. எடுத்ததைச் சின்னத் திரையில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எட்டுப் பேரும் முழங்காலில் இறங்கும் அந்த நொடியில், லொறிக்குப் பின்னால் இருந்து ஒரு மஞ்சள் சட்டைக்காரன் பாய்ந்து விழுகிறான். பாதி உடம்பு படத்துக்குள். இரண்டு கால்கள் நன்றாகத் தெரிகின்றன. எடுப்பு ஒன்றுக்கும் உதவாது.

இயக்குநர் என்னிடம் வேகமாக வந்தார். அவருக்குப் பின்னால் துவக்குக்குப் பொறுப்பான பெண்மணியும் வந்துகொண்டிருந்தார். இயக்குநர் முந்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "நீ அவர்களுக்குச் சொன்னாய், இல்லையா? அவர்களுக்கு விளங்கவில்லை. மொழிப் பிரச்சினை. நடக்கக்கூடியதுதான்" என்றார்.

தப்புவதற்கு நல்ல வாசல். எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு ஆங்கிலம் அரைகுறை. யாரும் நம்புவார்கள். நான் தமிழில் சொன்னேனா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? பழியை அந்த எட்டுப் பேரின் காதில் ஏற்றிவிட்டு, வோக்கியைக் கையில் வைத்திருக்கலாம்.

அந்தப் பெண்மணி வந்து நின்றார். இயக்குநரைப் பார்க்கவில்லை.

"கையைத் தூக்கினாயே. சொன்னாயா?"

"இல்லை" என்றேன். "சொல்லவில்லை. விளங்காமல் இல்லை. நான் சொல்லவே இல்லை."

"ஏன்?"

நான் இயக்குநரைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணிக்கு அது போதும். திரும்பி நடந்து போய்த் துவக்குகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, திறப்பைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்தார்.

தெரு ஐந்து மணிவரைதான் எங்களுக்கு. அன்றைக்கு முடியாவிட்டால் காட்சியே இல்லை, கொலை இல்லாமல் படமும் இல்லை. கிளேர் விஷயத்தைக் கேட்டறிந்தார். முதலில் இயக்குநரைக் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்குள் போனார். கதவு மூடியிருந்தும் அவருடைய குரல் வெளியே கேட்டது. பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினார். மஞ்சள் சட்டையையும் வோக்கியையும் கழற்றிக் கொடுத்தேன். "நீ சாரதி" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் பெட்டியின் மேல் இருந்த பெண்மணி என்னைக் கூப்பிட்டார். "போகாதே. நீ சொல்லாமல் விட்டதை இப்போது நீயே சொல். நான் சொல்வதை மட்டும். ஒரு சொல் கூட்டாதே, குறைக்காதே."

எட்டுப் பேருக்கும் முன்னால் அவர் துவக்கைத் திறந்து காட்டினார். தோட்டாவைப் பர்னாந்து அண்ணையின் உள்ளங்கையில் வைத்தார். குண்டு இருக்க வேண்டிய முனை மடித்து மூடியிருந்தது. எத்தனை வெடி, எங்கே இருந்து, எந்தப் பக்கம் பார்த்து. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கடைசியில் அவர் கேட்டார், "திரும்பவும் செய்ய விருப்பமா என்று கேள். இல்லை என்றால் அவர்களை இப்போதே வீட்டுக்குக் கொண்டுபோய் விடு. யாரும் குறை சொல்லமாட்டார்கள்."

"வாங்கோ அண்ணை, போவம்" என்றான் யூட். "உவங்கட படமும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம்."

அழுதவனும் எழும்பிவிட்டான். இன்னும் இரண்டு பேர் கோட்டைக் கழற்றத் தொடங்கினார்கள். இயக்குநர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மொழி விளங்காவிட்டாலும் கோட்டுக் கழற்றுவது விளங்கும்.

பர்னாந்து அண்ணை மேசையில் இருந்த சொரூபத்தைப் பார்த்தார். 

"பாதி வீதியில நிக்குது" என்றார்.

"அது கோது அண்ணை. நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றான் யூட்.

"கோதுதான். சுவாமியார் ஆரும் மந்திரிக்கவும் இல்லை. ஆனால் தோளில ஏத்தியாச்சு. ஏத்தினால் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அண்டைக்கும் சேர்த்தனாங்கள்தான். அவனை வீதியில விட்டிட்டு, சொரூபத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துப்போட்டு வந்துதான் அவனைத் தூக்கினது."

யூட் குனிந்து தன் தொப்பியை எடுத்துத் தட்டினான். கோட்டைக் கழற்றியவர்கள் திரும்பவும் போட்டார்கள்.

அண்ணை என்னைப் பார்த்துச் சொன்னார், "அந்த அம்மாவிட்டச் சொல்லு. செய்யிறம். ஆனால் போடமாட்டம். முழங்கால்தான். மற்றது, எங்கட பக்கத்துக் கையை இனி நீ தூக்க வேண்டாம். நான் தூக்குவன்."

சொன்னேன். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. அந்தப் பெண்மணி பெட்டியில் இருந்து இறங்கினார். இப்படித்தான் இருந்திருக்க வேண்டும், பாரத்துக்குக் கீழே நிற்கிறவரின் கைதான் கை என்றார். அதற்குப் பிறகு அவர் வேலை செய்த தளங்களில் எல்லாம் அப்படியே செய்தார் என்று கேள்விப்பட்டேன். மூன்று வருடம் கழித்து, வேறு ஒரு படத்தில், எனக்கு மஞ்சள் சட்டையைத் திரும்ப வாங்கித் தந்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு நான் வேலை செய்த காலம் முழுக்க, சொல்லாதே என்று என்னிடம் கேட்டவர்கள் நான்கைந்து பேர். நான் பெரிய நியாயம் ஒன்றும் பேசியதில்லை. "கை நான் தூக்கமாட்டேன், வேண்டுமென்றால் நீங்கள் வந்து தூக்குங்கள்" என்பேன். ஒருவரும் வந்து தூக்கவில்லை. நீங்களும் அதையே சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். வேலை திரும்பக் கிடைக்கும்.

அன்றைக்கு நாலரை மணிக்குத் தெரு திரும்பவும் ஆயத்தமானது. எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் மினிபஸ் அந்த மூலைக்கு அப்பால் நின்றதால், அதன் கதவோரம் நின்றேன். எட்டுப் பேரும் தண்டுக்குக் கீழே போனார்கள். சொரூபம் எழுந்தது. தூரத்தில் அந்தப் பெண்மணியின் குரல். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எல்லோரும் எங்கள் மூலையைப் பார்த்தார்கள். பர்னாந்து அண்ணையின் வலது கை தண்டில் இருந்தது. இடது கை இன்னும் எழவில்லை. இயக்குநர் மணிக்கூட்டைப் பார்த்தார். கிளேர் அவரை ஒரு பார்வையால் அடக்கினார்.

அண்ணை தன் ஆட்களிடம் மெல்ல ஏதோ கேட்டார். ஏழு ஓம் கேட்டது. அப்போதும் கை எழவில்லை. பாரத்தோடு தலையைத் திருப்ப முடியாமல், அரை உடம்பையும் சேர்த்துத் திருப்பி, மினிபஸ் பக்கம் தேடினார்.

"தம்பி" என்று கூப்பிட்டார். "ஐஞ்சு வெடி. இப்ப வைக்கப் போகினம். தெரியும்தானே?"

 அவர் காத்துக்கொண்டு நின்றார். நூறு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓம் அண்ணை" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் கையைத் தூக்கினார்.